வாவாவின் தூக்கம்

ரங்கூனில் ஒரு பருப்புக் கிடங்கின் முற்றத்தில் மூட்டை நிறுக்கும் இரும்புத் தராசின் மேல் அப்பா என்னைத் தூக்கி நிறுத்தினார். தீபாவளிக்கு முந்தின நாள் அது. அரைநாள் வேலை முடிந்து ஆட்கள் கைகால் கழுவிக்கொண்டிருந்தார்கள். தராசுப் பலகை வெயிலில் காய்ந்து உள்ளங்காலைச் சுட்டது. பருப்புத் தூசி மூக்கில் ஏறித் தும்மல் வந்தது.

எடை பார்க்கிற பர்மியப் பெரியவர் ஊ டுன், வாயிலிருந்த வெற்றிலையை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டு, குண்டை நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். பதினாறு வீசை. பிறகு என் தங்கையை ஏற்றினார்கள். குண்டு இன்னும் கொஞ்சம் நகர்ந்தது. பதினேழு.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அவளுக்கு ஐந்து.

கிடங்கே சிரித்தது. இந்தப் பையனை மூட்டையோடு சேர்த்துக் கட்டிவையுங்கள், காற்றடித்தால் ஓடைக்கு அந்தப் பக்கம் போய் விழுவான் என்று ஊ டுன் பர்மியத்தில் சொன்னார். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. “நம்ம வீட்டுச் சோறு யாருகிட்ட போவுதுன்னு இப்பத் தெரிஞ்சுதா?” என்று என்னிடம் கேட்டுக்கொண்டே தங்கையைத் தோளில் போட்டுக்கொண்டார்.

தராசிலிருந்து கிடங்கு வாசலுக்கு இருபது அடி இருக்கும். வாசலுக்கு வருவதற்குள் அவள் தூங்கிவிட்டாள். அவ்வளவு சிரிப்புக்கும் சத்தத்துக்கும் நடுவே, வாயைத் திறந்தபடி.

“வ வ” என்றார் ஊ டுன், அவள் கன்னத்தைத் தட்டி. அவள் விழிக்கவில்லை.

சென்ற வாரம் அப்பாவின் மூட்டை தூக்கும் வேலையைப் பற்றி எழுதும்போது தங்கையைப் பற்றி ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிட்டேன். ஏன் அங்கேயே நிறுத்திவிட்டீர்கள் என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். நிறுத்தியதற்குக் காரணம் உண்டு. இந்த வாரம் அதைத்தான் எழுதப் பார்க்கிறேன்.

இரண்டு வட்டங்கள்

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் முத்துலட்சுமி. அதை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எங்கள் கட்டடத்தில் கீழ்வீட்டுப் பர்மிய அம்மாள் டோ சீன்தான் அவளை முதலில் ‘வ வ’ என்று கூப்பிட்டது. பர்மியத்தில் ‘வ’ என்றால் குண்டு. கொழுகொழுவென்று இருக்கிற பெண்பிள்ளையை அப்படிக் கூப்பிடுவது வழக்கம். அதில் கேலியைவிடச் செல்லம்தான் அதிகம்.

பர்மியர் வாயில் அந்த ‘வ’ சட்டென்று நறுக்கியதுபோல் நின்றுவிடும். நம் வாய் நிற்க விடுமா? அம்மா அதை இழுத்து ‘வாவா’ ஆக்கினாள். மாடியிலிருந்து அம்மா “வாவா... வா” என்று கூப்பிட்டால், எது பெயர், எது அழைப்பு என்று அவளுக்கே தெரியாது. எப்படியும் வந்துவிடுவாள்.

வயிறு நிறைந்தாலும் பர்மியத்தில் அதே ‘வ’தான். வ-டெ என்றால் போதும், நிறைந்தது என்று அர்த்தம். அம்மா பசுந்தாங் சந்தை வாசலில் வடை சுட்டு விற்றவள். “நீ விற்கிறதும் வடெ, உன் பிள்ளையும் வடெ” என்று டோ சீன் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அம்மாவும் சிரிப்பாள். விற்றது போக மிஞ்சிய வடையெல்லாம் வாவாவுக்கு. டீக்கடையில் காலியாகும் பால் டப்பாவைக் கேட்டு வாங்கிவந்து, அடியில் ஒட்டியிருக்கும் இனிப்புப் பாலை வழித்து விரலால் அவள் நாக்கில் தடவுவாள்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடத்துப் படி ஏறியவன் நான். பர்மிய எழுத்துப் பழகும்போது குழந்தைகள் முதலில் போடுவது ஒரு முழு வட்டம். அதுதான் ‘வ’. எங்கள் பரம்பரையில் ஒரு கை எழுதிய முதல் எழுத்து அந்த வட்டம் என்று நினைத்து நான் பல நாள் பெருமைப்பட்டிருக்கிறேன்.

வாவாவைப் பள்ளியில் சேர்க்கவும் நான்தான் போனேன். பெயரென்ன என்று ஸயாமா கேட்டதும் பெண்பிள்ளைகள் பெயருக்கு முன்னால் வைக்கிற ‘மா’வையும் சேர்த்து ‘மா வ வ’ என்று சொல்லிவிட்டேன். முத்துலட்சுமியை பர்மிய எழுத்தில் எழுத எனக்குச் சோம்பல். ஸயாமா என்றால் டீச்சரம்மா. அவர் சிரித்துக்கொண்டே இரண்டு வட்டங்கள் போட்டார். வீட்டுக்கு வந்து நான் அதைச் சிலேட்டில் போட்டுக் காட்டினேன். வாவா குச்சியை வாங்கி, ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் ஒரு கோடு இழுத்து, கோட்டின் கீழே இமைமயிர் வரைந்தாள்.

“என்னடி இது?”

“நான்தான். தூங்குறேன்.”

சத்தமில்லாமல் தூங்கியவன்

இதைச் சொல்லாமல் அம்மாவைப் புரியவைக்க முடியாது. எனக்கும் வாவாவுக்கும் நடுவே ஒரு தம்பி இருந்தான்.

எண்பத்தெட்டில் ஆட்சிக்கு எதிராக ஊரெல்லாம் கொந்தளித்துக் கிடந்த அந்த மழைக்காலத்தில் பிறந்தவன். கிடங்கு பூட்டிக்கிடந்தது. அப்பாவுக்கு வேலை இல்லை. அரிசி கிடைப்பதே அரிதாக இருந்தது. அம்மாவுக்குப் பால் சுரக்கவில்லை. கஞ்சித் தண்ணீரைத் துணியில் நனைத்துத் தம்பியின் வாயில் வைப்பாள். அவன் கை என் பெருவிரல் அளவு இருந்ததாக ஞாபகம். எனக்கே ஐந்து வயது. இதில் எது நான் பார்த்தது, எது பின்னால் கேட்டது என்று பிரிக்கத் தெரியவில்லை.

ஆனால் அவன் தூங்காதது ஞாபகம் இருக்கிறது. பூனைக்குட்டிபோல ஓயாமல் முனகுவான். அம்மா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு பலகைத் தரையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பாள். பசித்த பிள்ளைக்குத் தூக்கம் ஏது என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். எந்தப் பலகை கிறீச்சிடும் என்று எனக்குப் பாடம்.

ஒருநாள் காலையில் நான் கண் விழித்தபோது சத்தமே இல்லை. அம்மா உதட்டில் விரலை வைத்து எங்களைப் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு. அப்பா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கினார். தாகமாக இருந்தும் நான் எழவில்லை. அம்மா பாத்திரம் இடிக்காமல் உலை வைத்தாள். அரிசி வேகும் வரைக்கும் அப்படியே இருந்தோம். எங்கள் வீடு அவ்வளவு சந்தோஷமாக இருந்த காலை அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அப்புறம் அம்மா தொட்டில் சேலையை விலக்கினாள்.

இரண்டு வருஷம் கழித்து வாவா பிறந்தாள். பிறந்தபோதே எடைதான். ஒரு வயதில் குறட்டை விட்டாள். அக்கம்பக்கத்தில் அதைக் கேட்டுச் சிரிக்காதவர் இல்லை. அப்பாகூட ஒருமுறை, இவளைக் கட்டிக்கொள்கிறவன் பஞ்சு வாங்கிவந்து காதில் அடைத்துக்கொள்ள வேண்டும் என்றார். அம்மா மட்டும் அந்தக் கேலியில் சேரவே மாட்டாள்.

“அவ சத்தம் போட்டுக்கிட்டே தூங்குறா. எனக்கு அது போதும்.”

கண்ணைக் காய வைக்கிறவள்

நாங்கள் எல்லோரும் ஒரே அறையில் வரிசையாகப் படுப்போம். வாவாவுக்கு அடுத்த பாய் என்னுடையது. ஏழாவதோ எட்டாவதோ படிக்கும்போது, அவள் குறட்டை நடுநடுவே நின்றுபோவதைக் கவனித்தேன். மார்பு மட்டும் ஏறி இறங்கும். மூச்சு வராது. மனதுக்குள் எண்ணுவேன். ஒன்பது, பத்து வரை போகும். பிறகு தொண்டையில் ஏதோ உடைந்ததுபோல் ஒரு சத்தத்தோடு இழுத்துக்கொள்வாள்.

மறுநாள் அம்மா உளுந்து அரைக்கும்போது போய்ச் சொன்னேன். வாவாவுக்கு மூச்சு நின்னுநின்னு வருதும்மா என்று.

மாவுக் கையோடு கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. அம்மா என்னை அடித்தது அந்த ஒரே முறைதான்.

“நின்னுச்சுங்கிற வார்த்தை இந்த வீட்ல வேணாம். சொல்லிட்டேன்.”

பிறகு நான் சொல்லவில்லை.

பள்ளிக்கூடத்தில் வாவா தூங்கினாள். முதல் மணி அடித்துப் பிரார்த்தனை முடிவதற்குள் தூங்கினாள். சோறு சாப்பிடும்போது கவளம் கையிலிருக்கத் தூங்கினாள். விழித்திருக்கும் நேரமெல்லாம் பசி பசி என்றாள். ஏழு வயதுப் பிள்ளை பாயை நனைத்தாள். அதை நான் வெயிலில் காயவைக்கும்போது எதிர் மாடிப் பையன்கள் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள்.

அவளுக்கு வாய் மட்டும் தூங்காது. வகுப்பில் தூங்குகிறாயா என்று ஸயாமா கேட்டதற்கு, இல்லை ஸயாமா, கண்ணைக் காய வைக்கிறேன் என்றாளாம். வகுப்பு முழுக்கச் சிரித்ததாம். அன்றைக்கு ஸயாமாவும் சிரித்துவிட்டார். ஆனால் எத்தனை நாள் சிரிப்பார்? ஒருநாள் பெஞ்சு மேல் ஏறி நிற்கச் சொன்னார். வாவா நின்றபடியே தூங்கினாள். அப்படியே முன்னால் சாய்ந்து விழுந்து மோவாய் கிழிந்தது.

ரத்தத்தைப் பார்த்து ஸயாமாதான் அதிகம் அழுதார் என்று வாவா சொன்னாள். அவரே வீடு வரை கொண்டுவந்து விட்டு, ஒரு துண்டுச்சீட்டும் கொடுத்துவிட்டுப் போனார். நான்தான் அதைப் படித்துச் சொன்னேன். இந்தப் பிள்ளையின் தூக்கம் சாதாரணமாக இல்லை, மருத்துவரிடம் காட்டுங்கள் என்று எழுதியிருந்தது.

நான் போகாத நாள்

எங்கள் வீட்டில் வெளியே பேச வேண்டிய பேச்சுக்கெல்லாம் நான்தான் வாய். அப்பாவின் பர்மியம் கிடங்கோடு சரி. அம்மாவின் பர்மியம் வடையோடு சரி: எத்தனை, சூடா, ஆறினதா, போதுமா. வார்டு ஆபீஸ் என்றாலும் ஆஸ்பத்திரி என்றாலும் என்னை முன்னால் நிறுத்திவிட்டு அம்மா முதுகுக்குப் பின்னால் நிற்பாள்.

இலவசமாகப் பார்க்கும் ஒரு மருத்துவமனைக்கு அந்தச் சனிக்கிழமை போவதாக முடிவாயிற்று. போகும் வழி என் வகுப்புப் பையன்கள் உட்காரும் டீக்கடை வழி. அதற்கு முந்தின வாரம்தான் அவர்கள், ஆனையை எங்கேடா ஓட்டிக்கொண்டு போகிறாய் என்று கேட்டிருந்தார்கள். பாகன் என்று எனக்குப் பெயரும் வைத்தாகிவிட்டது.

பரீட்சைக்குத் தனி வகுப்பு இருக்கிறது என்று சொன்னேன். அம்மா நம்பினாள். படிப்பென்றால் எதையும் நம்புவாள்.

அன்று காலை முழுக்க பசுந்தாங் ஓடைக் கரையில் உட்கார்ந்து உமிப் படகுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மடியில் புத்தகம் இருந்தது. திறக்கவில்லை.

மத்தியானம் அம்மா வியர்த்து வழிய, ஆனால் முகம் மலர்ந்து வந்தாள். டாக்டர் நல்ல மனுஷன் என்றாள். ஏதேதோ கேட்டாராம், பக்கத்தில் நர்ஸ் எழுதிக்கொண்டே வந்தாராம், பாதி விளங்கவில்லையாம்.

“கடைசியா வ-லா, வ-லான்னு ரெண்டு வாட்டி கேட்டாருடா. எனக்குத் தெரியாதா அது? வ-டெ வ-டென்னு சொன்னேன். சிரிச்சிட்டாரு. பூச்சி மாத்திரை குடுத்தாரு.”

குண்டாக இருக்கிறாளா என்று கேட்டிருக்கிறார், அம்மா ஆமாம் என்றிருக்கிறாள் என்றுதான் நானும் எடுத்துக்கொண்டேன். எதிரில் நிற்கிற பிள்ளை குண்டா என்று ஒரு டாக்டர் ஏன் கேட்க வேண்டும்? எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். கேட்டால் என் தனி வகுப்பைப் பற்றிப் பேச்சு வரும்.

நர்ஸ் எழுதிய நோட்டை அம்மா சாமி படத்துக்குக் கீழே ஆணியில் மாட்டினாள். அது அங்கேயே தொங்கியது. வீட்டில் படிக்கத் தெரிந்தவன் தினமும் அதன் கீழே நின்று திருநீறு எடுத்துப் பூசிக்கொண்டு பள்ளிக்கூடம் போனான்.

ஆணியில் தொங்கிய நோட்டு

பன்னிரண்டு வருஷத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வாவா நாலாவதோடு நின்றுவிட்டாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் தன்லியின் ஊரில் ஒரு தையல் பட்டறையில் சேர்த்துவிட்டோம். பாலம் தாண்டிப் போகிற பஸ்ஸில் ஏறினால் இறங்க வேண்டிய இடம் தாண்டித் தூங்குவாள். கண்டக்டர் பையன்களே பழகிப்போய், “வ வ, உன் இடம்” என்று எழுப்பி இறக்கிவிடுவார்கள். ஒருநாள் தைத்துக்கொண்டே தூங்கி, ஊசி நகத்தின் வழியே இறங்கிவிட்டது. அதோடு வீட்டோடு வந்துவிட்டாள். விரலில் கட்டுப் போட்டுக்கொண்டு, “ஊசியாவது என்னை எழுப்புச்சேன்னு சந்தோஷப்படு அண்ணே” என்றாள்.

இந்த மழைக்கு முன்னால் அவள் கால்கள் வீங்கின. அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. நகமெல்லாம் நாவல்பழக் கறை பட்டதுபோல் ஆயிற்று. படுத்தால் மூச்சு முட்டியது; சுவரில் சாய்ந்தே தூங்கினாள். இந்த முறை நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். டீக்கடையைத் தாண்டும்போது யாரும் எதுவும் சொல்லவில்லை. அந்தப் பையன்களில் பாதிப்பேர் இப்போது மலேசியாவில் இருக்கிறார்கள்.

டாக்டர் என் வயதுப் பெண். நெடுநேரம் பார்த்தார், கேட்டார். தூங்கும்போது தொண்டை அடைத்துக்கொள்கிறது, அதனால் இத்தனை வருஷமும் இவள் ஒருநாள்கூட ஒழுங்காகத் தூங்கவில்லை என்றார். தூங்காத உடம்பு பகலெல்லாம் பசி பசி என்று கேட்கும். தின்றால் சதை போடும். சதை போட்டால் தொண்டை இன்னும் இறுகும். எந்தப் பக்கத்திலிருந்து தொடங்கியது என்று இனிமேல் சொல்ல முடியாது என்றார். இப்போது இதயம் வீங்கிவிட்டது. சின்ன வயதில் உள்நாக்குப் பக்கத்துச் சதையை எடுத்து, எடையையும் குறைத்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது என்றார். பிறகு கேட்டார்.

“சின்னதிலே யாரும் தூக்கத்தைப் பற்றிக் கேட்கவே இல்லையா?”

கேட்கவில்லை என்று சொன்னேன்.

தூங்கும்போது மூக்கில் மாட்டிக்கொள்ள ஓர் இயந்திரம் இருக்கிறதாம். வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும். அதன் விலையைச் சொல்வதற்கு முன்னால், வீட்டில் ராத்திரி முழுக்கக் கரண்ட் இருக்குமா என்று கேட்டார். கேட்டுவிட்டு அவரே மேசையைப் பார்த்துக்கொண்டார். அவரும் ரங்கூன்காரர்தானே.

பழைய மருத்துவச் சீட்டு எதுவும் இருந்தால் அடுத்த முறை கொண்டுவரச் சொல்லியிருந்தார். வீட்டுக்கு வந்ததும் ஆணியிலிருந்து அந்த நோட்டை எடுத்தேன். அட்டை எண்ணெய்ப் புகையில் கறுத்துப் பிசுபிசுத்தது. உள்ளே நர்ஸின் கையெழுத்து, வரிசை வரிசையாக. பெயர் இரண்டு வட்டம். வயது. எடை. அதன் கீழே ‘எய்-யே’ என்று எழுதி, எதிரில் ஒரு வட்டம்.

எய்-யே என்றால் தூக்கம். பர்மியத்தில் தூக்கம் போதுமான அளவு கிடைத்தாலும் ‘வ’ என்றுதான் சொல்வார்கள். உடம்பு வ, வயிறு வ, தூக்கம் வ. அந்த டாக்டர் கேட்டது அதுதான். எய்-யே வ-லா? தூக்கம் நிறைகிறதா? இரண்டு முறை கேட்டிருக்கிறார். அம்மாவின் காதில் கடைசிச் சொல் மட்டும் விழுந்தது. அவளுக்குத் தெரிந்த சொல் அது ஒன்றுதான். அதை வைத்துப் பெருமையோடு பதில் சொல்லிவிட்டாள்.

நான் அங்கே நின்றிருந்தால் அது இரண்டு வார்த்தை மொழிபெயர்ப்பு.

பர்மியத்தில் சுழியமும் அதே வட்டம்தான். ‘வ’வுக்கும் பூஜ்யத்துக்கும் எழுத்தில் வித்தியாசம் கிடையாது. அந்த வரியை நான் இரண்டு விதமாகவும் படித்துப் பார்த்தேன். தூக்கம்: நிறைவு. தூக்கம்: ஒன்றுமில்லை. ஒரு விதத்தில் பார்த்தால் நர்ஸ் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்.

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். இப்போதெல்லாம் வடை சுடுவதில்லை, கை நடுங்குகிறது.

“அன்னிக்கு அந்த டாக்டர் என்னடா எழுதியிருக்காரு?”

நோட்டைப் பார்த்தபடியே சொன்னேன். “வ-ன்னு எழுதியிருக்கும்மா.”

“நான்தான் சொன்னேன்ல” என்று அம்மா சிரித்தாள். பல மாதம் கழித்து அன்றைக்குத்தான் சிரித்தாள்.

அடுத்த முறை போகும்போது, பழைய நோட்டு எங்கேயோ தொலைந்துவிட்டது என்று டாக்டரிடம் சொல்லிவிட்டேன்.

மத்தியானம்

இதை எழுதலாமா என்று பல நாள் யோசித்தேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. வாவாவுக்கு பர்மியம் படிக்கத் தெரியும், தமிழ் படிக்கத் தெரியாது. அப்பா தாளைத் தலைகீழாகப் பிடித்தால்கூடக் கண்டுபிடிக்க மாட்டார். எங்கள் வீட்டில் இந்தப் பத்திரிகையைப் படிக்கக்கூடியவன் நான் ஒருவன்தான். அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

இப்போது மத்தியானம். கரண்ட் இல்லை. வாவா சுவரில் இரண்டு தலையணையை முட்டுக்கொடுத்துச் சாய்ந்து தூங்குகிறாள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டிருக்கிறாள். நான் ஜன்னலடியில், மடியில் பலகை வைத்து எழுதுகிறேன்.

இத்தனை வருஷம் நான் கவனிக்காத ஒன்றைப் போன வாரம்தான் கவனித்தேன். குறட்டை நின்றதும் அம்மாவின் விசிறியும் நிற்கிறது. குனிந்து, வாவாவின் காதருகே வாயை வைத்து, எனக்குக்கூடக் கேட்காத குரலில் என்னவோ சொல்கிறாள். மூச்சு திரும்ப வந்ததும் விசிறி ஆடத் தொடங்குகிறது. கை பழகியிருக்கும் விதத்தைப் பார்த்தால் இது இன்று நேற்றுத் தொடங்கியதல்ல. நான் எண்ணிக்கொண்டு படுத்திருந்த அந்தக் காலத்திலும் இருட்டில் இது நடந்திருக்க வேண்டும்.

அப்படியென்றால் நான் சொல்வதற்கு முன்பே அம்மாவுக்குத் தெரியும். மாவுக் கையோடு அடித்தபோதும் தெரியும். அன்றைக்கு டாக்டர் சிரித்ததும் அம்மா முகம் அப்படி மலர்ந்தது ஏன் என்று இப்போது நினைத்துப் பார்க்கப் பயமாக இருக்கிறது. அம்மாவிடம் கேட்கவும் முடியாது. அந்த வார்த்தை இந்த வீட்டில் கூடாது.

கீழே டோ சீன் யாரையோ திட்டிக்கொண்டிருக்கிறார். தெருவில் ஐஸ் வண்டி மணி. அறைக்குள் குறட்டை அறுப்பதுபோல் போய்க்கொண்டிருந்தது.

இதோ, நின்றுவிட்டது. விசிறியும் நின்றுவிட்டது.

ஆறு. ஏழு.

அம்மா குனிந்துவிட்டாள். இன்றைக்குக் கொஞ்சம் உரக்கவே சொல்கிறாள், எனக்கும் கேட்கிறது.

“வா... வா.”

ஒன்பது. பத்து.

“வாவா. வா.”